பேட்டை மனையில் ஒரு கொட்டகை

தியேட்டர்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் பேசுவது கரண்ட் பில்லையும், விநியோகஸ்தருக்குப் போகும் ஷேரையும், வாடகையையும் பற்றி. படம் ஓடவில்லை என்றால் விநியோகஸ்தர் கொஞ்சம் இறங்கி வருவார், அடுத்த படத்தில் ஈடுகட்டச் சொல்லுவார். மின்வாரியத்தோடு பேச்சே கிடையாது. தேதிக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மனைக்காரர் தனி ஆளாக இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காபியோடு பேசித் தீர்த்துவிடலாம். எங்கள் மனைக்காரர் தனி ஆள் அல்ல. ஓர் உறவின்முறை, அதாவது ஒரு சாதியாரின் சங்கம். ஆயிரத்துக்கு மேல் தலைக்கட்டு. தியேட்டர் முதலாளியும் அந்தத் தலைக்கட்டில் ஒருவர். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

நான் அந்தத் தியேட்டரில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தவன். கார்பன் குச்சி எரித்த காலத்தில் மிஷின் ரூமில் வெந்து, பிறகு செனான் விளக்கு வந்து, கியூப் என்ற டிஜிட்டல் முறை வந்து, ரீல் பெட்டிக்காக பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் வேலையே இல்லாமல் போன காலத்தில் மேனேஜராக உட்கார்ந்தேன். உறவின்முறையைச் சேர்ந்தவன் இல்லை. அதனாலேயே இரண்டு தரப்பும் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள். முதலாளி சொன்னதைச் சங்கத்திடமும், சங்கம் சொன்னதை முதலாளியிடமும் சூடு தணித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல வருஷம் என் சம்பளமில்லாத வேலை.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் பக்கம் உள்ளவர்களுக்குப் பேட்டை என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வறண்ட சீமையில் மாட்டு வண்டியில் சரக்கேற்றிப் போன வியாபாரிகள், ராத்திரியில் வண்டியை அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மூட்டைகளைக் காவலோடு வைத்துக்கொள்ள மதில் வைத்துக் கட்டிய இடம் பேட்டை. அங்கே இறங்கும் சரக்குக்கு மகமை என்று ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். அந்தப் பணத்தில்தான் உறவின்முறைகள் கிணறு வெட்டின, கோயில் கட்டின, பள்ளிக்கூடம் நடத்தின. அரசாங்கம் செய்யாததைச் சொந்தக் காசில் செய்துகொண்ட மக்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு, இருக்க வேண்டியதும்தான்.

லாரி வந்ததும் பேட்டைக்கு வேலை போயிற்று. எங்கள் ஊர்ப் பேட்டையில் ஒரு பக்கம் பள்ளிக்கூட மைதானமாயிற்று. மறு பக்கம் கருவேலம் முளைத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்தைத்தான் 1968-இல் முதலாளியின் தகப்பனார் குத்தகைக்குக் கேட்டார். மனை சங்கத்துடையது, கட்டடம் அவர் செலவு, 25 வருஷம் கழித்துக் கட்டடம் சங்கத்துக்குச் சேர்ந்துவிடும், மாத வாடகை 600 ரூபாய். முள்ளுக்காட்டுக்கு 600 ரூபாயா என்று அன்றைக்குச் சங்கத்தார் சந்தோஷப்பட்டார்களாம். பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வாடகையை ஒரு மாதம்கூடத் தள்ளிக் கொடுத்ததில்லை. வாடகைக்கு மேலேயும் கொடுத்துக்கொண்டே இருந்தார். பங்குனிப் பொங்கலுக்கு ஒரு நாள் மண்டகப்படி தியேட்டர் பெயரில். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பந்தல் செலவு. பிள்ளைகளுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று இலவசக் காட்சி. சங்கக் கட்டடத்துக்கு நிதி வேண்டும் என்றால் ஒரு ‘உதவிக் காட்சி’; அன்றைய வசூலில் படக்காரர் பங்கு போக மிச்சம் முழுவதும் அவர்களுக்கு. சங்கத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்தால் டிக்கெட் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். பாக்ஸில் இரண்டு வரிசை அதற்கென்றே காலியாகக் கிடக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில வருஷங்களில் வாடகையைவிட அதிகம் வரும். ஆனால் இதில் எதற்கும் ரசீது கிடையாது. உறவுக்குள் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று இரு தரப்பும் நினைத்தார்கள். சங்கக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது வாடகை மட்டும்தான். பல வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைப் புரட்டிய புதிய நிர்வாகிகளின் கண்ணில் பட்டதும் அது மட்டும்தான்.

1993-இல் 25 வருஷம் முடிந்தது. பெரியவர் காலமாகி, மகன் முதலாளியாகியிருந்தார். கட்டடம் சங்கத்துக்குச் சேர்ந்தது. உள்ளே இருந்த மிஷின், திரை, நாற்காலி எல்லாம் முதலாளியுடையது. வாடகை 4,000 ரூபாய் என்று பேசி, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். கால வரம்பு பதினைந்து வருஷம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை. “நம்மளுக்குள்ள என்ன மாப்ள ரிஜிஸ்டர்?” என்றார் அன்றைய தலைவர். அவர் முதலாளிக்கு மாமா முறை. பின்னாளில் வக்கீலிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி அந்த ரிஜிஸ்டரைப் பற்றித்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது மாதாமாதம் ஓடும் வாடகைதான். காகிதத்தில் பதினைந்து வருஷம் என்று எழுதியிருந்தாலும், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம்.

அதே 1993-இல்தான் சன் டி.வி.யும் தொடங்கியது. அதற்குப் பிறகு சின்ன ஊர்த் தியேட்டர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. மதுரையில் தங்கம் தியேட்டர் அளவு பெரிய கொட்டகையே தாக்குப்பிடிக்க முடியாமல், இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. நாங்கள் நின்றதற்குக் காரணம் திறமை என்று முதலாளி சொல்லுவார். வாடகை குறைவாக இருந்தது என்று நான் சொல்லுவேன்.

சண்டை 2011 வாக்கில் தொடங்கியது. வாடகை அப்போது மெல்ல மெல்ல ஏறி 6,500-இல் நின்றிருந்தது. பதினைந்து வருஷக் காகிதத்தின் கெடுவும் முடிந்து போயிருந்தது. சங்கத் தேர்தலில் இளவட்டங்கள் ஜெயித்து வந்தார்கள். படித்தவர்கள், ஒருவர் ஆடிட்டர். அவர்கள் பக்கம் இருந்த நியாயத்தையும் சொல்ல வேண்டும். மகமை அநேகமாக நின்றுவிட்டது. மொத்த வியாபாரம் கைமாறிய பிறகு யார் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் அரசு உதவி பெறாத பிரிவுகளின் ஆசிரியர் சம்பளம் சங்கத்தின் தலையில். மிஞ்சியிருந்த வருமானம் சொத்து வாடகைதான். அதிலும் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த பெரிய சொத்து எங்கள் தியேட்டர் நின்ற மனை. பக்கத்தில் அதில் கால்வாசி இடத்தில் ஒரு செல்போன் கடைக்காரர் எங்களைவிட அதிகம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்தால்தான் அவர்கள் நிர்வாகிகள் இல்லை.

கேட்ட தொகை மாதம் 75,000.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் போட்ட கணக்கை என்னிடமே காட்டினார்கள். 640 சீட், நாலு காட்சி, முப்பது நாள், சராசரி டிக்கெட் 40 ரூபாய். பெருக்கினால் 30 லட்சத்து 72 ஆயிரம். “மாசம் முப்பது லட்சம் பாக்குற கடைக்கு முக்கால் லட்சம் வாடகை ஜாஸ்தியா மேனேஜர்?” என்றார் ஆடிட்டர். கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கில் வரும் தியேட்டர்தான் உலகத்தில் எங்கேயும் இல்லை. சங்கத்தார் தியேட்டருக்குள் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அன்றைக்கு நாற்காலி போதாமல் மடக்கு நாற்காலி போட்டிருப்போம். செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு இருபது பேரை வைத்துக்கொண்டு ஃபேனில் பாதியை நிறுத்தி ஓட்டுவதை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? நல்ல படம் அமைந்த மாதத்தில் அந்த எழுபத்தாறாயிரத்துச் சொச்சம் டிக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு விற்கும். பரீட்சைக் காலத்திலும் மார்கழியிலும் பத்தில் ஒன்றுக்கே திண்டாட்டம். விற்றதில் வரி போகும். வரி போனதில் முதல் வாரம் நூற்றுக்கு 60, 65 விநியோகஸ்தருக்கு. மிச்சத்தில்தான் கரண்ட், கியூப் வாடகை, சம்பளம், சுண்ணாம்பு, பினாயில்.

இதை நான் விளக்கியபோது அவர்கள் நம்பவில்லை. நம்பாததற்கு எங்கள் தொழிலும் காரணம். தினசரி வசூல் அறிக்கையை நாங்கள் டி.சி.ஆர். என்போம். அதில் தியேட்டர்காரன் உண்மையை எழுதுவான் என்று தமிழ்நாட்டில் ஒரு விநியோகஸ்தரும் நம்பியதில்லை. அதனால்தானே டிக்கெட் கொடுக்கும் இடத்தில் தங்கள் ஆளை உட்கார வைத்துப் படம் கொடுத்தார்கள்! டிக்கெட் புத்தகத்தில் வரி அலுவலகத்தின் முத்திரை குத்தி வாங்கிய காலத்திலேயே, முத்திரை இல்லாத டிக்கெட் ஓடிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பேரைச் சம்பாதித்து வைத்திருக்கிற தொழில், திடீரென்று மனைக்காரரிடம் போய் “எங்கள் கணக்கை நம்புங்கள்” என்றால் எப்படி நம்புவார்கள்?

முதலாளி 12,000 வரை தருவதாகச் சொன்னார். சங்கம் நோட்டீஸ் அனுப்பியது. அதற்குப் பிறகு வக்கீல்களின் காலம்.

இந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்ட சட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கோயில் மனையிலும் சங்கத்து மனையிலும் தொழில் நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். பலருக்கு எது தங்களுக்குப் பொருந்தும் என்றே தெரியாது.

வாடகைக்காரனைக் காப்பாற்றுவது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. மனையின் சந்தை மதிப்பையும் கட்டடத்தின் தேய்மானம் போன மதிப்பையும் கூட்டி, கடை கண்ணிக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 12 என்று நியாய வாடகை போடுவது, 2019-இல் அந்தச் சட்டம் ரத்தாகும் வரை, அதன் கணக்காக இருந்தது. ஆனால் 1976 ஆகஸ்டில் ஓர் அரசாணை வந்தது. சமய அறக்கட்டளைகளுக்கும் பொது அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. பிறகு உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, மனைக்காரர் பொது அறக்கட்டளையா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருந்தது. சங்கத்து வக்கீல், “பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆகவே இது பொதுத் தர்மம்” என்றார். எங்கள் வக்கீல், “உறுப்பினராகச் சேர ஒரே சாதியில் பிறந்திருக்க வேண்டும், இது எப்படிப் பொது?” என்றார். இரண்டுமே உண்மை. ஊருக்குத் தர்மம் செய்யும்போது பொதுவாகவும், உள்ளே யார் வரலாம் என்னும்போது குடும்பமாகவும் இருப்பதுதான் உறவின்முறை. முதலாளிக்கு அந்த வாதம் பிடிக்கவே இல்லை. “நம்ம சங்கத்தைப் பொதுத் தர்மம் இல்லைன்னு நானே கோர்ட்டுல சொல்லணுமா?” என்று வக்கீலிடம் எரிந்து விழுந்தார்.

வக்கீல் இன்னோர் ஆயுதத்தையும் எடுத்துக் காட்டினார். 1921-ஆம் வருஷத்து நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். பிறத்தியார் மனையில் சொந்தச் செலவில் கட்டடம் கட்டியவனைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவன், “எனக்குத் தேவையான மனையை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்” என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். இப்படியொரு சட்டம் இருப்பதைக் கேட்டபோது எனக்கே திகைப்பாக இருந்தது. கோயில் மனைகளுக்கு இது பொருந்தாது என்று 1996-இல் திருத்திவிட்டார்கள். எங்களுடையது கோயில் மனை இல்லையே என்றார் வக்கீல். 1993 காகிதத்தில் கட்டடத்தை ஒப்படைத்துவிட்டது இடிக்கும். ஆனாலும் அந்தக் காகிதமே பதிவாகாதது, வாதாடிப் பார்க்கலாம், வழக்கு பத்து வருஷம் ஓடும் என்றார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பேட்டை மனையை விலைக்குக் கேட்டவன்னு எம் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லுவானுக. வேண்டாம் சார்.”

சங்கத்தின் கையிலும் ஓர் ஆயுதம் இருந்தது. அது எங்கள் ஆயுதத்தைவிடக் கூர்மை. தியேட்டர் நடத்த 1955-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டர் கொடுக்கும் ‘சி’ பாரம் லைசென்ஸ் வேண்டும். தீயணைப்புத் துறை, மின் ஆய்வாளர், சுகாதாரம், கட்டட உறுதிச் சான்று என்று ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கினால்தான் அது புதுப்பிக்கப்படும். அதெல்லாம் பழகின அலைச்சல். ஆனால் விதியில் ஒரு வரி இருக்கிறது. மனையும் கட்டடமும் சட்டப்படி உன் அனுபவத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். குத்தகைக் கெடு முடிந்த பிறகும் உள்ளே உட்கார்ந்திருப்பவனை யாரும் கையைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. அதற்காக அவன் அனுபவம் சட்டப்படியானது ஆகிவிடாது என்று 1973-இல் தமிழ்நாட்டுத் தியேட்டர் வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது மனைக்காரர் கதவைப் பூட்ட வேண்டியதில்லை. கோர்ட்டுக்கே போக வேண்டியதில்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஓர் ஆட்சேப மனு கொடுத்தால் போதும், லைசென்ஸ் ஃபைல் நகராது. வெள்ளிக்கிழமை புதுப்படம் போட்டிருக்கும்போது லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். மனைக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் சினிமாத் தொழில் ஒரு நாளும் நடக்காது.

ஆட்சேப மனுவை எழுதியும் விட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தலைவர் போடாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தார். அவர் முதலாளியின் தங்கையைக் கட்டியவர்.

இப்படிக் கோர்ட்டுக்குப் போகாமல் இருவரும் ஆயுதத்தை உறையில் வைத்துக்கொண்டு உறுமியது இரண்டு வருஷத்துக்கு மேல். அந்தக் காலத்தில்தான் ஊர் தன் வழியில் தண்டனை கொடுத்தது. ஒரு வருஷம் பங்குனிப் பொங்கலில் தியேட்டர் மண்டகப்படியை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த மண்டகப்படி. முதலாளியம்மா அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கல்யாண வீடுகளில் முதலாளி வந்து உட்கார்ந்த பந்தியில் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. பதிலுக்கு அவர் பாக்ஸ் வரிசையைப் பூட்டச் சொன்னார். சங்கத்து ஆட்களிடமும் டிக்கெட் கேட்கச் சொன்னார். கேட்க வேண்டியவன் நான். “நேத்து வரைக்கும் வாங்க அண்ணாச்சின்னு கூப்பிட்ட, இன்னைக்கு டிக்கெட் கேக்கியே தம்பி” என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் படம் பார்க்காமல் திரும்பிப் போனார். அவரிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் சம்பளம் கொடுப்பவர் சொல்லும்போது மேனேஜருக்கு எண்ணம் கிடையாது.

தனியார் மனைக்காரரிடம் இப்படி ஆகாது. அவருக்கு வாடகை பணம் மட்டும். சமூகம் மனைக்காரராக இருக்கும்போது, வாடகையைக் குறைத்துக் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சோற்றைக் குறைத்த பழி வருகிறது. ஏற்றிக் கேட்டால் சொந்த ரத்தத்தையே துரத்துகிறார்கள் என்ற பழி வருகிறது. வாடகையை வாடகையாக மட்டும் பேசுவதற்கு இருவருக்குமே நாக்கு எழவில்லை.

அதைப் பேச வைத்தவர் சங்கப் பொருளாளர். பருப்பு மண்டி வைத்திருப்பவர். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர், சினிமா பார்க்கிறவரும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் தனியாகத் தியேட்டருக்கு வந்து என் அறையில் உட்கார்ந்தார். டி.சி.ஆர். நோட்டுகளை எடுக்கச் சொன்னார். ஒன்றரை வருஷ நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இடையிடையே, “இந்த வாரம் ஏன் இப்படி விழுந்துச்சு?” என்று கேட்டார். வியாபாரி கேட்கும் கேள்விகள். மழையா, பரீட்சையா, படமே சரியில்லையா என்று சொன்னேன். கடைசியில் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: “எங்க மண்டியில சம்சாரி கொண்டாந்த சரக்கு வித்தாத்தான எனக்குக் கமிஷன்? விக்காத மூட்டைக்கு நான் காசு கேட்டா சிரிக்க மாட்டானா? இவங்க விக்காத சீட்டுக்கு வாடகை கேக்கானுக. உங்க மொதலாளி வித்த சீட்டுக்கும் குடுக்க மாட்டேங்காரு.”

வழி அங்கேதான் திறந்தது. வரியும் விநியோகஸ்தர் பங்கும் போகத் தியேட்டருக்கு நிற்கும் தொகையில் நூற்றுக்கு 12 சங்கத்துக்கு. அது எவ்வளவு குறைந்தாலும் மாதம் 20,000 என்று ஒரு தரை. கேண்டீன் குத்தகையிலும் வண்டி ஸ்டாண்டு குத்தகையிலும் நாலில் ஒரு பங்கு. வாராவாரம் டி.சி.ஆர். நகல் பொருளாளர் கைக்குப் போக வேண்டும்.

முதலாளி தரைத் தொகைக்கு உடனே சம்மதித்தார். நகல் கொடுக்கத்தான் மறுத்தார். வருமானத்தை ஊருக்குக் காட்டுவதா என்று அவருக்கு உறுத்தல். வரி அலுவலகத்துக்கும் விநியோகஸ்தருக்கும் காட்டுவதைச் சங்கத்துக்குக் காட்டினால் என்ன என்று நான் கேட்டதற்கு, “அவங்க யாரும் எம்மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வரமாட்டாங்க” என்றார். அதுவும் நியாயம்தான். பொருளாளரும் ஆடிட்டரும் மட்டும் பார்ப்பது, பொதுக்குழுவில் மொத்தத் தொகையைத் தவிர வேறெதையும் வாசிக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

இளவட்டங்களுக்குக் கணக்கின் மேல் நம்பிக்கை வர, ஆடி மாதம் முழுவதும் பொருளாளர் தன் மண்டி ஆள் ஒருவனைக் கவுண்டரில் உட்கார வைத்தார். விநியோகஸ்தரின் ஆள் ஒரு பக்கம், மனைக்காரரின் ஆள் ஒரு பக்கம், நடுவில் டிக்கெட் கிழிக்கிறவன். அந்தப் பையன் முதல் வாரமே சலித்துப் போய், “அண்ணே, மூணு மணி ஆட்டத்துக்கு நான் வரணுமா? ஆளே இல்லையே” என்று கேட்டான். அவன் போய்ச் சொன்னது என் ஒன்றரை வருஷ நோட்டைவிட அதிகம் வேலை செய்தது.

ஒப்பந்தம் 2014-இல் எழுதப்பட்டது. இந்த முறை சார்பதிவாளர் அலுவலகத்தில், சாட்சிகளோடு, விரல் ரேகை வைத்து. முத்திரைச் செலவு ஆளுக்குப் பாதி. சம்மதக் கடிதத்தைக் குத்தகைக் காலம் முழுவதற்கும் சங்கம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிரிவு. நன்கொடை, மண்டகப்படி, இலவசக் காட்சி எதுவும் வாடகையில் கழியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் சங்கம் ரசீது தரவேண்டும் என்று இன்னொரு பிரிவு. இந்த இரண்டாவதை எழுதச் சொன்னவன் நான். மண்டகப்படி அடுத்த பங்குனியில் தியேட்டருக்கே திரும்பி வந்தது.

விகித வாடகையிலும் வம்பு இல்லாமல் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதோடு உள்ளாட்சிக்கு நூற்றுக்கு 30 கேளிக்கை வரி என்றதும் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் எல்லாம் நாலு நாள் மூடிக் கிடந்தோம். அதன் பிறகு ‘வரி போக’ என்ற இரண்டு சொல்லுக்கு எந்த வரி எல்லாம் என்று மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. சங்கத்துக்குக் கல்யாண மண்டபம், கடைகள் என்று மற்ற வருமானமும் இருந்ததால் அவர்களும் ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டி வந்தது. வாடகையின் மேல் 18 சதவீதம் யார் தலையில் என்று ஒரு மாதம் இழுத்தது. எங்கள் தலையில்தான் விழுந்தது.

2020 மார்ச் 17-இல் கொரோனாவுக்காகக் கதவைச் சாத்தினோம். மறுபடி திறந்தது நவம்பர் 10, அதுவும் பாதி சீட்டுக்கு. விகிதம் பூஜ்யம், ஆனால் தரைத் தொகை 20,000 நிற்கிறதே? அரசாங்கமே மூடச் சொன்னால் என்ன என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதலாளி எதுவும் கேட்கவில்லை; நான்தான் பொருளாளரிடம் போனேன். செயற்குழு கூடி, மூடிக்கிடந்த மாதங்களுக்குப் பாதியைத் தள்ளுபடி செய்து, மீதியை இரண்டு வருஷத் தவணையாக்கியது. பள்ளிக்கூடத்துக்கும் அந்த வருஷம் ஃபீஸ் வரவில்லை என்பதால் முழுத் தள்ளுபடிக்கு வழியில்லை என்று தீர்மானத்தில் எழுதினார்கள். 2011-இல் 75,000 கேட்ட அதே ஆடிட்டர்தான் தள்ளுபடியை முன்மொழிந்தவர். ஆறு வருஷம் வாராவாரம் எங்கள் டி.சி.ஆரைப் பார்த்தவர் அவர்.

2021 பொங்கலுக்குப் பாதி சீட்டில் ‘மாஸ்டர்’ ஓடியது. அந்த மாதம் சங்கத்துக்குப் போன விகிதத் தொகை தரைத் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடி ஆகஸ்டில் திறந்தபோது, தரைத் தொகையைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை. முந்தைய தீர்மானத்தையே தேதி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

கோயில் மனையிலோ சங்கத்து மனையிலோ கொட்டகை, மண்டபம், விளையாட்டுத் திடல் என்று ஏதாவது நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கெடு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே கணக்கு நோட்டை நீங்களே எடுத்துக்கொண்டு மனைக்காரரிடம் போங்கள். அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்க்கும் வரை காத்திருக்காதீர்கள். எங்கள் ஒப்பந்தம் 2029 மார்ச்சில் முடிகிறது. முதலாளியின் மகன் பேச்சுவார்த்தையை இப்போதே தொடங்கச் சொல்லிவிட்டார்.